மூளையில் களையெடுக்கும் காவலர்கள்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்காக, இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு நாடகம் போட ஏற்பாடு செய்தேன். கடற்கொள்ளையர் தலைவனாக நடித்த சிறுவனுக்கு வலக்கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக் கட்டினேன். ஒத்திகையில் அவன் நடந்து வந்தபோது வழியில் இருந்த நாற்காலியில் மோதினான். மறுபடி வரச் சொன்னேன், மறுபடியும் மோதினான். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். வேண்டுமென்றே குறும்பு செய்கிறான் என்று எண்ணி அவனைக் கடிந்துகொண்டேன்.

"சார், இந்தக் கண்ணுல சரியாத் தெரியல" என்றான்.

எப்போதிருந்து என்று கேட்டேன். என் கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை. "எல்லாருக்கும் ஒரு கண்ணுதானே சார் நல்லாத் தெரியும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டான்.

அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கரும்பலகையைப் பார்ப்பதையும், கோட்டுக்கு வெளியே எழுதுவதையும் நான் ஒன்றரை ஆண்டுகளாகக் கண்டிருந்தேன். கவனக்குறைவு என்று நினைத்து அவனை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றியவனும் நானே. பின்னர் அவனைப் பரிசோதித்த கண் மருத்துவர், "இடது விழியில் நோய் எதுவும் இல்லை. ஆனால் பிறந்தது முதல் அந்தக் கண்ணில் மங்கலான படமே விழுந்து வந்திருக்கிறது. அதனால் மூளை அதை ஒதுக்கிவிட்டது. கண்ணாடி போட்டாலும் உடனே முழுத் தெளிவு வராது" என்றார்.

விழி இருக்கிறது; அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பும் இருக்கிறது. அப்படியிருக்க மூளை ஏன் ஒரு கண்ணை ஒதுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் குழந்தையின் மூளை வளரும் விதத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

நேயர்களே, நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2009ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஒரு நரம்பணு தனித்து நின்றால் அதனால் பயன் இல்லை. ஒன்றின் நுனி மற்றொன்றை நெருங்கித் தொடர்பு கொள்ளும் இடத்தில்தான் செய்தி கைமாறுகிறது. அந்த இடத்தை நரம்பிணைப்பு என்போம். நாம் பார்ப்பதும் கேட்பதும் நினைவில் வைப்பதும் இந்த இணைப்புகளின் வழியாகத்தான்.

குழந்தை வளர வளர இணைப்புகளும் பெருகிக்கொண்டே போகும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். உண்மை வேறு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர், பல வயதுகளில் இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து இணைப்புகளை எண்ணிப் பார்த்தார். 1979இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பானது. மூளையின் முன்பகுதியில், ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இணைப்புகளின் அடர்த்தி உச்சத்தை எட்டுகிறது. அப்போது அது வளர்ந்தவர்களிடம் காணும் அளவைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல். இரண்டு வயதுக்குப் பிறகு பதினாறு வயது வரை அது குறைந்துகொண்டே வருகிறது. மூளையின் முன்பகுதியில் இந்தக் குறைப்பு இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது என்பதை 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

பால்மரக் கன்று நடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இறுதியில் எத்தனை மரங்கள் வேண்டுமோ அதைவிடக் கூடுதலாகவே கன்றுகளை நடுவார்கள். சில ஆண்டுகள் சென்றதும் நலிந்தவற்றை வெட்டி அப்புறப்படுத்துவார்கள். நின்ற மரங்களுக்கு வெயிலும் உரமும் நன்றாகக் கிடைக்கும். மூளையும் அப்படித்தான் முதலில் தாராளமாக இணைத்துவிட்டுப் பின்னர் குறைக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே நீக்கப்படுவது மரமன்று; ஒரு மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் இடையே உள்ள தொடர்பு.

சரி, தோட்டத்தில் வெட்டுவதற்கு ஆள் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் அந்த வேலையைச் செய்வது யார்?

இந்த வினாவுக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மூளையில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. அவற்றைச் சூழ்ந்து வேறு உயிரணுக்களும் உள்ளன. அவற்றை அக்கால அறிஞர்கள் கிளியா என்று அழைத்தனர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்பது பொருள். நரம்பணுக்களை ஒட்டவைத்திருக்கும் வெறும் பசை என்றே அவற்றை நினைத்தார்கள். 1919ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்தேகா, வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அப்போது மெல்லிய கிளைகளோடு கூடிய மிகச் சிறிய உயிரணுக்கள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்கு மைக்ரோகிளியா என்று பெயர் சூட்டினார். இவை உருமாற வல்லவை, இடம்பெயர வல்லவை, கழிவுகளை விழுங்க வல்லவை என்றும் அவர் எழுதி வைத்தார்.

மைக்ரோகிளியா என்பவை நம் உடலின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை. காலில் முள் குத்தினால் அங்கே விரைந்து சென்று கிருமிகளை விழுங்கும் உயிரணுக்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் உறவினர்தாம் இவையும். ஆனால் இவை மூளைக்குள் குடியேறிய கதை தனி. 2010ஆம் ஆண்டில் புளோரன் ஜின்ஹூவும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளை வைத்து இதைக் கண்டறிந்தனர். ஜின்ஹூ, சிங்கப்பூரின் நோய் எதிர்ப்பியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அறிஞர். எலிக்கருவின் எட்டாம் நாளுக்கு முன்பே, கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பையில் இவற்றின் மூதாதை அணுக்கள் தோன்றிவிடுகின்றன. அங்கிருந்து புறப்பட்டு, மூளை உருவாகத் தொடங்கும் காலத்திலேயே அதற்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. வீடு கட்டத் தொடங்கும் முன்பே காவலாளி வந்து கொட்டகை போட்டுக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோயில்லாத காலத்தில் இந்தக் காவலர்கள் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2005ஆம் ஆண்டில் அந்த நம்பிக்கை மாறியது. ஐரோப்பிய ஆய்வாளர்கள், உயிருள்ள எலியின் மண்டையோட்டை மிக மெல்லியதாகத் தேய்த்து, சிறப்பு நுண்ணோக்கியின் வழியாக மூளையைப் பார்த்தனர். மைக்ரோகிளியாவின் உடல் ஓரிடத்தில் நிற்கிறது; அதன் கிளைகளோ ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. சில மணி நேரத்திற்குள் மூளை முழுவதையும் ஒருமுறை தடவிவிடும் அளவுக்கு அவற்றின் வேகம் இருந்தது. நோயே இல்லாத மூளையில் இவ்வளவு ரோந்து எதற்கு?

விடையின் முதற்பகுதி 2007இல் கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பென் பாரஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பெத் ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி ஆராய்ச்சி செய்துவந்தார். நம் இரத்தத்தில் சி1கியூ, சி3 என்று சில புரதங்கள் உள்ளன. கிருமி புகுந்தால் அவை அதன்மேல் ஒட்டிக்கொண்டு, "இதை விழுங்கு" என்று படைவீரர்களுக்கு அடையாளம் காட்டும். அதே புரதங்கள், வளரும் மூளையின் நரம்பிணைப்புகளிலும் ஒட்டியிருப்பதை ஸ்டீவன்ஸ் கண்டார். அப்புரதங்கள் இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில், நீங்கியிருக்க வேண்டிய இணைப்புகள் நீங்காமல் கிடந்தன. வெட்ட வேண்டிய மரத்தில் குறி போட ஆளில்லை. ஆகவே வெட்டும் நடக்கவில்லை.

2011இல் இத்தாலியில் ரோசா பாவோலிச்செல்லியும் கொர்னீலியஸ் கிராஸும் மற்றும் சிலரும், மைக்ரோகிளியாவின் உள்ளே நரம்பிணைப்பின் துணுக்குகள் கிடப்பதைக் காட்டினர். விழுங்கியவர் யார் என்பதற்குச் சான்று அவர் வயிற்றிலேயே இருந்தது.

அடுத்த ஆண்டு, 2012இல், டோரத்தி ஷேஃபரும் ஸ்டீவன்ஸும் செய்த சோதனைதான் என் மாணவனின் கண்ணை எனக்கு நினைவூட்டியது. அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள், மூளையின் நடுவே தலாமஸ் என்னும் இடைநிலையத்துக்கு வந்து சேர்கின்றன. தொடக்கத்தில் இரு கண்களின் இணைப்புகளும் அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பிறகு சில நீங்கி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பகுதி அமையும். ஆய்வாளர்கள் பிறந்து சில நாட்களே ஆன எலிக்குட்டிகளின் இரு கண்களிலும் இருவேறு நிறச் சாயங்களைச் செலுத்தினர். மைக்ரோகிளியா எந்த நிறத்தை விழுங்குகிறதோ அதை வைத்து எந்தக் கண்ணின் இணைப்பு நீக்கப்படுகிறது என்று அறியலாம். அதன்பின் ஒரு கண்ணின் நரம்புகளை மட்டும் ஒரு நஞ்சினால் சற்று நேரம் அடக்கி வைத்தார்கள். நம் கடற்கரை மக்கள் புந்தால் என்று சொல்லும் மீனில் உள்ள அதே நஞ்சு அது. விளைவு என்ன? பேசிக்கொண்டிருந்த கண்ணின் இணைப்புகளைவிட, மௌனமாக்கப்பட்ட கண்ணின் இணைப்புகளையே மைக்ரோகிளியா மிகுதியாக விழுங்கியிருந்தன.

எலிக்குட்டி கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்தச் சோதனை நடந்ததோ அதற்கும் முன்பு. வெளிச்சமே படாதபோது கண் எப்படிப் பேசும் என்று நீங்கள் கேட்கலாம். விழித்திரை தானாகவே அலை அலையாக மின்குறிப்புகளை அனுப்பிப் பழகுகிறது. கச்சேரிக்கு முன் வித்துவான் சுருதி சேர்ப்பதைப் போன்றது அது.

நேயர்களே, தோட்டத்தில் லயத்திலிருந்து ஆற்றுக்கும் கோயிலுக்கும் ஒற்றையடிப் பாதைகள் போகும். மக்கள் நடக்கும் பாதை தெளிவாக நிற்கும். நடக்காத பாதையை லாலான் புல் மூடிவிடும். வளரும் மூளையிலும் நடமாட்டமுள்ள வழி நிலைக்கிறது. நடமாட்டம் குறைந்த வழி மறைகிறது. ஆனால் மூளையில் வழி தானாக மூடிப்போவதோடு நிற்பதில்லை. அதை அகற்றவே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் புதிதாக நாம் அறிந்துகொண்ட செய்தி.

காவலர்கள் கண்டதையெல்லாம் விழுங்கிவிட்டால் என்ன ஆவது என்ற அச்சம் எழலாம். அதற்கும் தடுப்பு உண்டு. சில இணைப்புகளின்மேல் சிடி47 என்ற புரதம் இருந்து, "என்னை உண்ணாதே" என்று சொல்கிறது என 2018இல் கண்டறிந்தார்கள். மேலும், மைக்ரோகிளியா அழிப்பதை மட்டும் செய்வதில்லை. அவை தொட்ட இடத்தில் புதிய இணைப்பு முளைக்கத் தொடங்குவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். களையெடுக்கும் கைதான் சில வேளைகளில் நாற்றும் நடுகிறது. இந்த வேலையை அவை மட்டுமே செய்கின்றன என்றும் கொள்ள வேண்டாம். ஆஸ்ட்ரோசைட் என்னும் மற்றொரு வகை உயிரணுவும் இணைப்புகளை விழுங்குகிறது என்று 2013இல் தெரியவந்தது. நரம்பணு தன் கிளையைத் தானே உள்ளிழுத்துக்கொள்வதும் உண்டு. எந்தப் பகுதியில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது.

அளவு தவறினால் தீங்கு வரும் என்பதற்கும் அறிகுறிகள் உள்ளன. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் முடிவிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுகிறது. மூளையின் முன்பகுதியில் இணைப்புகள் குறைந்துவரும் காலம் அது. 2016இல் ஏறக்குறைய 65,000 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், சி4 என்ற புரதத்தின் ஒரு வகையை மிகுதியாக உண்டாக்கும் மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்று கண்டனர். இணைப்புகளுக்குக் குறி போடும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்ததே இந்தச் சி4. இதுவே நோய்க்கு முழுக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் ஒன்றை நாம் மனத்தில் கொள்ளலாம். அந்நோய் கண்ட பிள்ளையை "பேய் பிடித்துவிட்டது" என்றும் "தாய் வளர்த்த வளர்ப்பு சரியில்லை" என்றும் பேசுவது அறியாமை. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

பெற்றோர்களுக்கு இன்னொரு சொல். பயன்படாத இணைப்பு நீங்கிவிடும் என்று கேட்டவுடன், மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று வகுப்புக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று பதற வேண்டாம். இணைப்புகள் குறைவது நோயன்று. அது வளர்ச்சியின் ஒரு பகுதி. குறையாமல் நின்றுவிட்டால்தான் கோளாறு. பிள்ளையோடு பேசுவது, பாடுவது, ஓடியாட விடுவது, பயமில்லாமல் வளர்ப்பது ஆகிய இவையே அந்த வயதுக்குப் போதுமான நடமாட்டம்.

ஆனால் நடமாட்டத்துக்கு வழியே அடைபட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது நம் கடமை. கண்ணின் செய்தி இங்கேதான் திரும்ப வருகிறது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிஞர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைச் சில மாதங்கள் மூடி வைத்துத் திறந்தனர். விழி நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த நரம்பணுக்கள் ஏறக்குறைய எல்லாமே மற்றக் கண்ணுக்கே பதில் தந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதுபோல் மூடிவைத்தபோது அப்படி ஆகவில்லை. இளம் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும் ஒரு காலம் உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்வைப் பகுதியில் நடக்கும் அந்த மாற்றத்தில் மைக்ரோகிளியாவுக்கு எவ்வளவு பங்கு என்பதும் நான் சொன்ன வாதங்களில் ஒன்றுதான். ஆனால் காலம் கடந்தால் வழி குறுகிவிடும் என்பதில் வாதமே இல்லை.

மருத்துவர்கள் இதைச் சோம்பல் கண் என்று சொல்கிறார்கள். நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இக்குறை இருக்கிறது. மாறுகண்ணால் வரலாம், ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் கோளாறு மிகுந்திருப்பதாலும் வரலாம், பிறவியிலேயே கண்ணில் புரை இருந்தாலும் வரலாம். மாறுகண் இல்லாத பிள்ளையிடம் இது வெளியே தெரியாது. ஒரு கண் நன்றாக இருப்பதால் பிள்ளை ஓடும், ஆடும், தொலைக்காட்சி பார்க்கும். அதற்கும் தன் குறை தெரியாது. தெரிந்திருந்தால்தானே சொல்லும்?

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது மிக எளிது. பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, எதிரே உள்ள நாட்காட்டியின் எண்ணையோ படத்தையோ சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிக் கேளுங்கள். கைக்குழந்தையாக இருந்தால், குறிப்பிட்ட ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்கிக் கையைத் தள்ளுகிறதா என்று கவனியுங்கள். ஐயம் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தச் சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சிகிச்சையும் கடினமானதன்று. பொருத்தமான கண்ணாடி, அத்துடன் நல்ல கண்ணை நாளும் சிறிது நேரம் மூடிவைத்துப் பலவீனமான கண்ணை வேலை செய்ய வைப்பது. மிதமான குறையுள்ள சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் மூடுவது ஆறு மணி நேரம் மூடுவதற்கு இணையான பலனைத் தருகிறது என்று 2003இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. எவ்வளவு நேரம் மூடவேண்டும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அதற்குப் பிறகும் பலன் உண்டு, ஆனால் குறைவு.

என் மாணவனுக்கு அப்போது எட்டு வயது. அவன் தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். "பொறந்ததிலேர்ந்து தலையைச் சாய்ச்சுத்தான் சார் பார்ப்பான். செல்லமா இருக்குன்னு நாங்க அப்படியே விட்டுட்டோம்" என்று கண்கலங்கினார். அவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? நாள்தோறும் ஐந்து மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த நானும்தானே விட்டுவிட்டேன்! பள்ளி முடிந்ததும் அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை, அவன் வலக்கண்ணை மூடிக்கொண்டு என் மேசையருகே அமர்ந்து படம் வரைவான். தொடக்கத்தில் அவன் வரைந்த மாட்டுக்குக் கால் எங்கே, வால் எங்கே என்று தெரியாது. ஓராண்டில் மாட்டின் கழுத்து மணியையும் வரைந்தான். இடக்கண் முழுமையாகத் தேறவில்லை. இரண்டு ஆண்டுகள் முன்னதாகக் கண்டிருந்தால் இன்னும் தேறியிருக்கும் என்றார் மருத்துவர். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டு என் வகுப்பில் கழிந்தது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் கடற்கொள்ளையர் ஆகிறார்கள். ஒரு கண்ணை மூடிக் கரும்பலகையைப் படிக்கிறார்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. உங்கள் வீட்டிலும் இன்றிரவே அந்த விளையாட்டை ஒருமுறை ஆடிப் பாருங்கள்.